புது ரகத்தை நம் கொல்லையில் சோதிப்பது எப்படி

எங்கள் பக்கத்தில் ஒருவர் புது ராகி போட்டு நன்றாக விளைந்துவிட்டால், அடுத்த ஆடியில் ஊர் முழுக்க அந்த விதையைத் தேடி அலையும். அதே ரகம் இன்னொருவர் கொல்லையில் பொய்த்துப் போனால், "அந்த விதையா, வேண்டவே வேண்டாம்" என்று பேச்சு முடிந்துவிடும். விளைந்தது ரகத்தாலா, அந்த வருடத்து மழையாலா, ஓடையோர வண்டலாலா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. வேளாண் விஞ்ஞானிகள் தங்கள் பண்ணையில் கையாளும் முறைதான் அது. நம் கொல்லையிலும் அதைச் செய்யலாம். ஐந்தாறு சென்ட் நிலம், அளவு நாடா, சணல் கயிறு, கிராம் காட்டும் தராசு, ஒரு நோட்டு இருந்தால் போதும்.

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் எனக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. ராகி, சாமை, கொள், ஊடே அவரை. நான் பிளஸ் டூ வரை படித்தவள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தோடு சேர்ந்து என் கொல்லையில் திடல், அதாவது சோதனைப் பாத்திகள், போட்டு வருகிறேன். எங்கள் ஊரில் தங்க வரும் வேளாண் கல்லூரி மாணவிகளும் அந்தத் திடலில் வேலை செய்வார்கள். இங்கே ராகியை வைத்துச் சொல்கிறேன். சாமைக்கும் கொள்ளுக்கும் இதே முறை அப்படியே பொருந்தும். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி வைப்பவர்கள் பாத்தி அளவை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எங்கே போய்க் கேட்பது

முதலில் இரண்டு வாசல்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டாரத்தில் இருக்கும் வேளாண்மை விரிவாக்க மையம் அரசின் வேளாண்மைத் துறையைச் சேர்ந்தது. மானிய விதை, உரம், கருவி, பயிர்க் காப்பீடு என்றால் அங்கேதான் போக வேண்டும். ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் வேறு வேலைக்கு இருப்பவை. அங்கே போய் மானியம் கேட்டு ஏமாந்து திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் படியில் கொண்டு போக வேண்டியது ஒரு கேள்வி.

தர்மபுரி மாவட்டத்துக்கு பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு எலுமிச்சங்கிரியில் ஒன்று. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பையூரில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். நாம் விதைக்கும் பையூர் 1, பையூர் 2 கொள் ரகங்களும் மானாவாரிக்கு ஏற்ற பையூர் ராகி ரகங்களும் அந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் இதே பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. ஆராய்ச்சிப் பண்ணையில் கண்டறிந்ததை உழவர் நிலத்தில் வைத்துச் சரிபார்ப்பதற்கென்றே ஏற்பட்ட அமைப்பு அது. ஆகவே, "என் நிலத்தில் பார்க்க வேண்டும்" என்று நீங்கள் கேட்பது சலுகை இல்லை. அவர்களுடைய வேலையே அதுதான். தயங்காமல் கேளுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. ஆனால் திடல் போடுவது பற்றிப் பேச நேரில்தான் போக வேண்டும். அதுவும் விதைக்கும் நேரத்தில் போகாதீர்கள். அந்த ஆண்டு யார் நிலத்தில் என்ன ஆய்வு என்பதை நிலையங்கள் முன்கூட்டியே எழுதிவிடும். ஆடிக்கு விதைக்க நினைத்தால் மாசி, பங்குனியில் போய்ப் பேசுங்கள்.

கேள்வியை எப்படிக் கொண்டு போவது

"நல்ல விதை ஒன்று கொடுங்கள் சார்" என்று கேட்டால் கையிருப்பில் இருப்பதைக் கொடுப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. உங்கள் கொல்லையில் என்ன குறை என்று நீங்கள் சொல்லவில்லையே. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மண் சரளை. தண்ணீர் கிடையாது. தூர் நன்றாகக் கட்டுகிறது. பால் பிடிக்கும் நேரத்தில் கதிரின் கழுத்து கருகி ஒடிந்துவிடுகிறது. விதை எங்கள் வீட்டு விதை." இதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அது குலை நோய் என்று அவருக்குத் தெரியும். இலையில் நடுவே சாம்பல் நிறமாக, இரு முனையும் கூர்ந்த புள்ளி இருந்ததா என்று கேட்பார். அந்த நோயைத் தாங்கும் ரகம் எது, அது மானாவாரியில் நிற்குமா என்று பேச்சு உருப்படியாகத் தொடங்கும்.

நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகி, போய்ச் சேருவதற்குள் எது நோய், எது அழுகல் என்று தெரியாமல் போய்விடும். நல்ல செடி ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள்.

அவர்கள் இரண்டு வகைத் திடல் போடுவார்கள். ஒன்று முதல்நிலைச் செயல்விளக்கத் திடல். ஏற்கெனவே தேறிவிட்ட ரகத்தையோ முறையையோ ஒரு ஏக்கர் அளவில் செய்து ஊருக்குக் காட்டுவது அது. மற்றது பண்ணைவழி ஆய்வு. இந்தப் பகுதிக்கு எது ஏற்றது என்று இன்னும் முடிவாகாத இடத்தில், உழவர் செய்துவரும் முறையோடு இரண்டு மாற்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எதற்கு உங்கள் நிலத்தைக் கேட்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செயல்விளக்கத் திடலாகவே இருந்தாலும், அதன் ஓரத்தில் ஐந்தாறு சென்ட்டில் நான் சொல்லும் ஒப்பீட்டை நீங்களே போட்டுக்கொள்ளலாம். விதை கேட்டால் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

இந்த ஒப்பீடு ஏன் வேண்டும் என்றால், ஒரு ரகம் வெளியாவதற்கு முன் ஆராய்ச்சி நிலையத்தில், பிறகு பல ஊர் நிலையங்களில், பிறகு உழவர் வயல்களில் என்று படிப்படியாகச் சோதிக்கப்படுகிறது. அந்த எல்லா இடத்துச் சராசரியைப் பார்த்துத்தான் பரிந்துரை வருகிறது. அது உண்மையான உழைப்பு, நான் மதிக்கிறேன். ஆனால் பென்னாகரத்துச் சரளைக் கொல்லை அந்தச் சராசரிக்குள் இருந்ததா? எல்லைக்கு அப்பால் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் குலை நோயைத் தாங்குவதற்கென்று உருவாக்கிய ஜி.பி.யு. 28 ராகி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நன்றாக வருகிறது என்பார்கள். அங்கே வந்தது இங்கேயும் வருமா? சராசரி இதற்குப் பதில் சொல்லாது. உங்கள் கொல்லைதான் சொல்ல வேண்டும்.

பழைய விதை பக்கத்தில் இருக்க வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமான இடம் இது. புது விதை கைக்கு வந்ததும் கொல்லை முழுவதும் அதையே போட்டுவிடுகிறார்கள். அறுவடையில் ஏக்கருக்கு எட்டு மூட்டை வந்தால், பழைய விதை போட்டிருந்தால் எத்தனை மூட்டை வந்திருக்கும்? போன வருடத்துக் கணக்கைச் சொல்வார்கள். போன வருட மழை வேறு, இந்த வருட மழை வேறு. பக்கத்துக் கொல்லையைக் காட்டுவார்கள். அந்த மண் வேறு, அங்கே போட்ட குப்பை எரு வேறு. அதே கொல்லையில், அதே நாளில், அதே கையால் விதைத்த பழைய ரகம் பக்கத்தில் நின்றால்தான் புது ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது உறுதியாகப் பேச முடியும்.

அங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. திடலுக்குக் கொடுக்கும் பையில் விதையோடு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம், நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர், நுண்ணூட்டம் எல்லாம் இருக்கும். புது விதைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பழைய விதையைப் பானையிலிருந்து எடுத்து அப்படியே தெளித்தால் நாம் எதைச் சோதித்தோம்? விதையையா, மருந்தையா? ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்தால் இரண்டுக்கும் கலக்க வேண்டும். குப்பை எருவைக் கூடைக் கணக்கில் எண்ணி எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாகக் கொட்ட வேண்டும். மேலுரம் கிராம் கணக்கில் எடைபோட்டுப் பிரித்து வைக்க வேண்டும். ரகம் ஒன்றைத் தவிர மற்ற எதிலும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

விதைக்கு முன் முளைப்பையும் பாருங்கள். நனைத்த வெள்ளைத் துணியில் இரண்டு ரகத்திலும் நூறு நூறு விதை எண்ணிப் பரப்பி, சுருட்டி, ஈரம் காயாமல் வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். வீட்டு விதையில் 70 முளைத்து, புது விதையில் 90 முளைத்தால், வீட்டு விதையை அந்த அளவுக்குக் கூட்டிப் போட்டுப் பிறகு நெருக்கமான செடியைக் கலைத்துவிட வேண்டும். பழைய விதை பழசாகிப்போனது ரகத்தின் குற்றம் ஆகிவிடக் கூடாது.

கொல்லையைப் பிரிப்பது

நம் மாவட்டங்களில் சமமான மானாவாரிக் கொல்லை அபூர்வம். எங்கள் கொல்லை மேற்கே மேடு, கிழக்கே ஓடை. மேட்டில் சரளை தெரியும். கீழே மண் ஆழம். ஒரே விதை, ஒரே எருவானாலும் கீழே முழங்காலுக்கு மேல் வளர்ந்து நிற்கும்போது மேலே அரை முழம்தான் இருக்கும். இந்தச் சரிவை வென்றால்தான் சோதனை நிற்கும்.

செய்ய வேண்டியது இது. சரிவுக்குக் குறுக்கே மூன்று அடுக்கு போடுங்கள்: மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு பாத்தி பக்கத்தில் பக்கத்தில், ஒன்று பழைய ரகத்துக்கு, ஒன்று புது ரகத்துக்கு. அப்போது மேட்டின் வறட்சியை இரண்டு ரகமும் பங்கிட்டுக்கொள்ளும். கீழ் மண்ணின் வளத்தையும் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். ஒரே அடுக்குக்குள் இருக்கும் இரண்டு பாத்திகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

எந்த ரகம் இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுங்கள். மூன்று ரகம் என்றால் சீட்டுப் போட்டு எடுங்கள். "என் கொல்லை எனக்குத் தெரியாதா, நானே பார்த்துச் சரியாக வைக்கிறேன்" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. நமக்குப் பிடித்த ரகத்துக்கு நல்ல இடத்தைக் கண் தேடிக்கொடுத்துவிடும், நமக்கே தெரியாமல். இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் வயல் ஆய்வு நடந்து வருகிறது. 1919-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித அறிஞர்தான் இந்த அடுக்கு முறையையும் சீட்டுக் குலுக்கலையும் வயல் ஆய்வின் இலக்கணமாக ஆக்கினார். இன்றைக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் படிப்பது அதைத்தான். எங்கள் ஊரில் தங்கிய ஒரு மாணவி, தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்ததை எங்கள் மேட்டையும் ஓடையையும் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன் என்று சொன்னாள். எனக்கு அது மிகவும் நிறைவாக இருந்தது.

ஒரு பாத்தி 5 மீட்டருக்கு 5 மீட்டர். மூலை சதுரமாக வர, கயிற்றில் ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்துக்கொண்டு, இரண்டு முனைகளுக்கும் இடையே 5 மீட்டர் வருகிறதா பாருங்கள். வந்தால் மூலை சரி. பாத்திகளுக்கு இடையே நடக்க அரை மீட்டர் விடுங்கள். மொத்தத் திடலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை ராகி காப்பாக விதையுங்கள். மரநிழல், வரப்போரம், பழைய எருக்குழி இருந்த இடம், மாடு கட்டிய இடம் எதிலும் திடல் வரக் கூடாது. புளியமரம் இருந்தால் அதன் நிழல் விழும் தூரத்தைவிட வேர் போகும் தூரம் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹெக்டேருக்கு 10 கிலோ என்ற கணக்கில் ஒரு பாத்திக்கு 25 கிராம் விதை. எடைபோட்டு ஆறு பொட்டலமாகக் கட்டி, மேலே ரகத்தையும் அடுக்கையும் எழுதிவிடுங்கள். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து, ஒரு அடிக்கு ஒரு வரிசையாகக் கோடு கிழித்து விதையுங்கள். மூன்று வாரத்தில் செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிட்டால் எல்லாப் பாத்தியிலும் செடி எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

ஒரே நாளில் விதைத்து முடிப்பது நல்லது. மழை குறுக்கிட்டால் பாதி அடுக்கில் நிறுத்தாதீர்கள். கையில் எடுத்த அடுக்கை முடித்துவிட்டு, அடுத்த அடுக்கை மறுநாள் தொடங்குங்கள். களை எடுப்பதற்கும் இதே விதி. ஒரு அடுக்கை ஒரே ஆள், ஒரே நாளில் எடுக்க வேண்டும். கூலிக்கு நான்கு பேர் வந்தால் ஆளுக்கொரு பாத்தி என்று பிரித்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் கை சுத்தமான ஒருவர் எடுத்த பாத்தி மட்டும் நன்றாக வளரும். பெருமை ரகத்துக்குப் போய்விடும்.

விதைக்கும் முன் திடல் இடத்து மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில வி எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக்கொடுங்கள்.

நோட்டு

நோட்டில் எழுதாத எதையும் பிறகு நினைவிலிருந்து எழுதாதீர்கள். விதைத்த நாள், முளைத்த நாள், பாதிச் செடி கதிர் தள்ளிய நாள், முற்றிய நாள். ஒவ்வொரு பாத்திக்கும் தனி வரி. மழையையும் எழுதுங்கள். நேரான சுவருள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, காலையில் அளவுகோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் கொட்டிவிடலாம். பூக்கும் நேரத்தில் இரண்டு வாரம் மழை இல்லாமல் போனது நோட்டில் இருந்தால், பின்னால் விஞ்ஞானியிடம் காட்டும்போது அந்த ஒரு வரியிலிருந்தே அவர் நிறையச் சொல்வார்.

குலை நோய்க்குக் கண் மதிப்பு போதாது. பாத்தியின் உள்ளே குறுக்காக நடந்து, கைக்கு வரும் கதிரை எல்லாம் தேர்ந்தெடுக்காமல் நூறு எண்ணுங்கள். அதில் எத்தனை கழுத்துக் கருகியது, எத்தனையில் கதிரின் விரல் போன்ற கிளை மட்டும் காய்ந்தது என்று தனித்தனியாகக் குறியுங்கள். மாணவிகள் தங்கியிருக்கும் காலமாக இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். நீங்களும் எண்ணி, அவர்களும் எண்ணி, இரண்டும் ஒத்துவருகிறதா பாருங்கள். எது எந்த ரகம் என்று சொல்லாமல் எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது.

குருவி விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு ரகம் பத்து நாள் முன்னால் முற்றினால், சுற்று வட்டாரத்தில் பால் பிடித்த கதிர் அந்தச் சின்னப் பாத்தியில் மட்டும்தான் இருக்கும். எல்லாக் குருவியும் அங்கேதான் இறங்கும். அறுவடையில் அந்த ரகம் தோற்றதாகத் தெரியும், உண்மையில் குருவி தின்றிருக்கும். முந்தி முற்றும் பாத்திக்கு வலை போடுங்கள், இல்லையென்றால் காவலுக்கு ஆள் நிறுத்துங்கள். காட்டுப்பன்றி புகுந்துவிட்டால் "பன்றி மேய்ந்தது" என்று எழுதி, அந்த அடுக்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். மூன்று அடுக்கு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும்.

அறுத்து, எடைபோட்டு, கணக்குப் பார்ப்பது

ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் இடமும் அதிகம் என்பதால் கதிர் பெரிதாக இருக்கும். அதைச் சேர்த்தால் கணக்கு ஏறிவிடும். ஒவ்வொரு பாத்தியிலும் நான்கு பக்கமும் அரை மீட்டரை முதலில் அறுத்துத் தனியாகப் போட்டுவிட்டு, நடுவில் மிஞ்சும் 4 மீட்டருக்கு 4 மீட்டரை மட்டும் அறுத்துத் தனிச் சாக்கில் கட்டுங்கள். ஒரே களத்தில், ஒரே வெயிலில், ஒரே அளவு காயவைத்து, அடித்துத் தூற்றி எடைபோடுங்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் எடையும் கூடுதலாகக் காட்டும்.

அந்த 16 சதுர மீட்டரில் கிடைத்த கிலோவை 253-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். தராசில் நூறு கிராம் தவறினால் ஏக்கருக்கு 25 கிலோ தவறும். மூட்டை போடும் தராசு இதற்கு உதவாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பழைய ரகம் மேல் அடுக்கில் 3.2 கிலோ, நடுவில் 3.6, கீழே 4.4. புது ரகம் அதே வரிசையில் 3.9, 4.1, 4.3. அடுக்குக்குள் ஒப்பிட்டால் புது ரகம் மேலே 0.7 கூட, நடுவில் 0.5 கூட, கீழே 0.1 குறைவு. சராசரி பார்த்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 93 கிலோ கூடுதல். இப்போது இதே கொல்லையில் அடுக்கு போடாமல், பழையதை மேலேயும் புதியதைக் கீழேயும் விதைத்திருந்தால்? 3.2-க்கு எதிரே 4.3. ஏக்கருக்கு 278 கிலோ கூடுதல் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்போம். மாற்றி விதைத்திருந்தால் 3.9-க்கு எதிரே 4.4. புது ரகம் உதவாது என்று தூக்கி எறிந்திருப்போம். கொல்லையும் அதுவே, விதையும் அதுவே, மழையும் அதுவே. விதைத்த இடம் மட்டும்தான் மாறியது.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புது ரகம் மேட்டிலும் நடுவிலும் உதவுவதுபோலத் தெரிகிறது, ஓடையோரத்தில் பழையதே போதும் போலிருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் இது மறைந்துவிடும். அதனால் மூன்று அடுக்கையும் தனித்தனியாகப் படியுங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஒரே பக்கம் சாய்கிறதா, அல்லது ஒன்றில் இப்படி, ஒன்றில் அப்படி என்று ஆடுகிறதா? ஆடினால் இன்னும் முடிவுக்கு வராதீர்கள். நோட்டை நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த வித்தியாசம் நம்பத்தக்கதா என்று கணக்கிட்டுச் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

தானியத்தோடு முடித்துவிடாதீர்கள். மாடு வைத்திருக்கும் வீட்டில் ராகித்தாள் பாதி வருமானம். தாளையும் எடைபோட்டு ஒரு பத்தி எழுதுங்கள். குட்டை ரகம் தானியத்தில் வென்று தாளில் தோற்கலாம். பிறகு மாவு. இரண்டு ரகத்தையும் தனித்தனியாக அரைத்து, எது எது என்று சொல்லாமல் மூன்று நான்கு வீடுகளுக்குக் கொடுத்துக் களி கிண்டச் சொல்லுங்கள். எங்கள் அத்தை, எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது, உருண்டை விண்டுபோகாமல் நிற்கிறதா, மறுநாள் கூழுக்குக் கரைத்தால் எப்படி இருக்கிறது என்று மூன்றும் சொல்வார். அதை அப்படியே எழுதி விஞ்ஞானியிடம் கொடுத்திருக்கிறேன். மரியாதையாக வாங்கிப் படித்தார்கள். 2023-ல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிய பிறகு, விற்பதற்கு எது, வீட்டுக்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

மாணவர்கள் வந்தால்

வேளாண் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெற வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வந்ததும் தெருவில் கோலமாவால் ஊரின் வரைபடம் போடுவார்கள். எந்தக் கிணறு எங்கே, எந்த மாதத்தில் என்ன பயிர் என்று கேட்டுக் குறிப்பார்கள். வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள். புகைப்படத்துக்கு நிற்பதோடு விட்டுவிடாமல், கயிறு பிடிக்கவும் கதிர் எண்ணவும் எடை போடவும் அழைத்துக்கொள்ளுங்கள். நாளை வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராகவும் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாகவும் வரப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள். மேட்டுக்கொல்லை என்றால் என்ன என்று இப்போதே தெரிந்துகொண்டு போகட்டும்.

நாட்டு விதை கேட்டு வருகிறவர்களுக்கு விதை கொடுங்கள், ஆனால் எழுதி வாங்குங்கள். எங்கள் ஊரில் ஒரு முறை ஒரு குழு வந்து வீடு வீடாகச் சாமை, ராகி விதை வாங்கிப் படம் எடுத்துப் போனது. என்ன ஆனது என்று இன்று வரை ஒரு சொல் இல்லை. அதனால் இப்போது நான் கேட்பது: விதை எங்கே போகிறது, எந்த எண்ணில் பதிவாகிறது, யார் வீட்டு விதை என்று எழுதப்படுகிறதா. கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கி இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் குளிரறையில் நெடுங்காலம் உயிரோடு இருக்கும், நல்லது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி நம் பாரம்பரிய ரகத்தை உழவர் ரகமாக நம் பெயரிலேயே பதிவு செய்யலாம். உழவர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் செடியின் உயரம், கதிரின் வடிவம், விதையின் நிறம், வயது எல்லாம் கேட்பார்கள். நான் மேலே சொன்ன நோட்டு அங்கேயும் கைகொடுக்கும். நிரப்ப உதவும்படி வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள்.

அடுத்த ஆடிக்கு

ஒரு வருட முடிவை வைத்துக் கொல்லை முழுவதையும் மாற்றாதீர்கள். நல்ல மழை வருடத்தில் வென்ற ரகம் வறட்சியில் என்ன செய்யும் என்று இன்னும் தெரியாது. இரண்டாம் ஆண்டும் அதே ஆறு பாத்தியை, புதிதாக நாணயம் சுண்டி, வேறு இடத்தில் போடுங்கள். கூடவே கால் பங்கு நிலத்தில் மட்டும் புது ரகத்தை விதைத்து, வழக்கமான கையோடு, வழக்கமான எருவோடு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஊரில் இன்னும் இரண்டு பேர், ஒருவர் மேட்டிலும் ஒருவர் ஓடையோரத்திலும், இதே அளவில் போட்டால் ஒரே பருவத்தில் மூன்று கொல்லையின் பதில் கிடைக்கும்.

விதைக்கென்று எடுக்கும் கதிரைத் திடலின் நடுப்பகுதியிலிருந்து, நோய் இல்லாத செடியாகப் பார்த்து அறுவடைக்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். இரண்டு ரகத்தையும் ஒரே களத்தில் அடிப்பதாக இருந்தால் ஒன்றை அடித்து, களத்தைக் கூட்டித் துடைத்த பிறகு அடுத்ததை அடியுங்கள். ராகி விதை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. நன்றாகக் காயவைத்து, ரகம், அடுக்கு, அறுத்த தேதி எழுதிய சீட்டு ஒன்றைப் பைக்குள்ளேயும் ஒன்றை வெளியேயும் கட்டுங்கள். வெளிச் சீட்டை எலி கடித்துவிடும்.